உப்பில் வைத்த தோட்டாக்கள்

மார்கழியின் கடைசி ஞாயிறு, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். ஓயாத தூறல், ஏரிப் பக்கமிருந்து வாடைக்காற்று. அதற்குள் நான் ஏழு முறை வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துவிட்டேன். துப்பாக்கி சுடும் பந்தயம் எட்டு மணிக்கு, பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்கு அப்பாலுள்ள திடலில்.

மெட்ராஸிலிருந்து வாத்துச் சுட வரும் கனவான்களுக்குப் படகு தள்ளித் தள்ளியே சுடக் கற்றவர் என் மாமா. லைசென்ஸ் எடுத்த ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். எறியும் விசைப்பொறியிலிருந்து பறக்கும் இருபத்தைந்து மண் தட்டுகளில் இருபதை உடைத்தால், தங்கள் கிளப்பிலேயே மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வதாகக் கனவான்கள் சொல்லியிருந்தார்கள்.

ஒரு மாதமாக வீட்டில் தோட்டாப் பேச்சுதான். வாத்துக்குப் போடும் நாலாம் நம்பர் தோட்டாவில் ஈயக்குண்டு பெரியது, எண்ணிக்கை குறைவு. எட்டாம் நம்பரில் குண்டு கடுகளவு, எண்ணிக்கை அதிகம். பழைய பாய்த்துணியில் கரியால் வட்டம் போட்டு மாமா இரண்டையும் சுட்டுப் பார்த்தார். ஓட்டைகளை எண்ணியது நான். நாலாம் நம்பருக்குத் தொண்ணூற்று நாலு, எட்டாம் நம்பருக்கு இருநூற்று முப்பத்தாறு.

"பெரிய கண்ணு வலையில தட்டு பூந்து போயிடும்டா. எட்டுதான்," என்றார் மாமா.

அத்தைக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "மெட்ராஸ்ல ஒரு ரூம்ல குந்திகினு நான் இன்னா பண்றது?"

"மாசம் பொறந்தா சம்பளம் வரும். கடல்ல எறங்க வேணாம்."

"இங்க நாலு பொம்பளைங்க என்கிட்ட கருவாட்டு வேலை செய்றாளுங்க. அங்க போய் நான் எவ வூட்டு வாசல்ல நிக்கறது?"

தோட்டாக்களின் கூடு காகிதம். ஈரம் பட்டால் உப்பிவிடும் என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். எங்கே வைப்பது என்று மாமா தவித்தபோது அத்தையே கை நீட்டினாள்.

"உப்புல வெச்சா எதுனா கெட்டுப்போவுமா? குடு."

கருவாட்டு உப்புப் பானைக்குள் மூன்று நாள் இருந்தன. அவள் மனம் மாறிவிட்டது என்று மாமா பூரித்துப்போனார்.

திடலில் முதல் தோட்டா குழலுக்குள் போனது, தட்டு தூளானது. இரண்டாவது பாதியிலேயே நின்றுவிட்டது. காகிதம் ஊறிப் பருத்திருந்தது. ஒவ்வொன்றாக வேட்டியில் துடைத்து அழுத்திப் பார்த்தார். இருபத்தைந்தில் ஒன்பதுதான் உள்ளே போயின. ஒன்பது தட்டும் உடைந்தன. குழல் வாய் அளவில் மற்றவர்களுடையது பன்னிரண்டு 'போர்', இவருடையது பதினாறு; அவர்கள் தோட்டா இதில் சேராது. இரவல் வாங்கவும் வழியில்லை.

"இன்னா மச்சான், தோட்டாவக் கருவாடு போட்டு எட்த்தாந்தியா?" என்றார் ஒரு படகுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள், மாமாவும். அவருடைய கை மட்டும் துப்பாக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒன்பதுக்கு ஒன்பது என்பது கனவான்களிடம் எடுபடவில்லை.

தூறல் நாளில் உப்பு ஈரத்தை இழுத்து நீர் விடும் என்பது, பிறந்ததிலிருந்து கருவாடு போடுகிறவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அதை யோசிக்கும் வயதில்லை அப்போது எனக்கு. என்னை அரித்தது வேறு. காலணா குறைந்தாலும் மீன்காரியோடு மல்லுக்கு நிற்கும் அத்தை, அன்று மத்தியானம் ஒரு வார்த்தை திட்டாமல் வஞ்சிரக் குழம்பு வைத்து, மாமா கேட்காமலே அவருக்கு இரண்டாம் முறை சோறு போட்டாள். நானோ கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டாவுக்குப் பன்னிரண்டரை, நுழைவுக்கு மூன்று. மாமாவுக்கு நஷ்டம், மொத்தம் பதினைந்து ரூபாய் எட்டணா.