மடியில் வைத்த பை

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை போகும் பஸ்ஸில் மாலையில் ஏறியவர்களுக்கு ஒரு வழக்கம் தெரிந்திருக்கும். நிற்பவர் தன் பையை இருக்கையில் இருப்பவரிடம் கொடுப்பார். பெரும்பாலும் இருப்பவரே கையை நீட்டி வாங்குவார். பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. யார் யாருடைய பைகளையோ மடியில் அடுக்கிக்கொண்டு, முகம் தெரியாமல் குச்சவெளி வரை போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இறங்கும்போது அவரவர் பையை அவரவர் வாங்கிக்கொள்வார்கள். நன்றி சொல்லும் வழக்கமும் கிடையாது.

என் பையைப் பறித்தவன் இதை நன்றாக அறிந்திருந்தான்.

துறைமுகத்தை அண்டிய ஒரு தெருவில், சிறிய பத்திரிகை அலுவலகம் ஒன்றில் செய்திகளைத் திருத்துவது என் வேலை. வீடு கும்புறுப்பிட்டியில். அன்றும் வழக்கமான பஸ், வழக்கமான நெரிசல். பின்வாசலுக்குக் கிட்ட இருந்த ஓர் இளைஞன் என்னைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"தாங்கோக்கா, நான் வைச்சிருக்கிறன்."

கொடுத்தேன். சாம்பல்தீவுப் பாலத்துக்காக பஸ் வேகம் தணிந்தபோது அவன் எழுந்தான். எனக்கு இருக்கை தருகிறான் என்றே நினைத்தேன். "இல்லைத் தம்பி, நீங்கள் இருங்கோ" என்று சொல்லி, உடம்பை ஒடுக்கி வழியும் விட்டேன். அவன் என்னைக் கடந்து போனபோதுதான் அவன் அக்குளில் என் பை இருந்ததைக் கண்டேன். தோள்வார் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டிப் பிடித்தேன்.

"விடு" என்றான். அந்த ‘அக்கா’ என்ற சொல் போய்விட்டது.

நான் விடவில்லை. முழங்கையால் நெஞ்சில் இடித்தான். மிதிபலகை வரை இழுபட்டுப் போனேன். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாக வந்துகொண்டிருந்தது. அவன் குதித்தான். வாரைப் பிடித்திருந்ததால் நானும் விழுந்தேன். வார் அறுந்தது. என் வலது மணிக்கட்டு முறிந்தது. அவன் பின்னால் ஏறிக்கொள்ள, மோட்டார் சைக்கிள் பட்டணப் பக்கமாகத் திரும்பிப் போனது.

பையில் இருந்தவை: கைத்தொலைபேசி, அடையாள அட்டை, மூக்குக்கண்ணாடி, குடை, கழுவாத சாப்பாட்டுப் பெட்டி. பெட்டியில் மீன்முள்ளும் இருந்தது. அதை நினைக்கும்போது மட்டும் எனக்குச் சிறிது திருப்தி.

பஸ் நின்றது. இறக்கண்டியில் இறங்க வேண்டிய ஒரு முஸ்லிம் பெண் எனக்காக அங்கேயே இறங்கிவிட்டார். மகளுக்குச் சட்டை தைக்கப் பட்டணத்தில் வாங்கிய துணியைப் பொதியிலிருந்து உருவி, என் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்தார்.

"துணி போனாப் போகட்டும். அழாதீங்க."

"நான் அழேல்லை."

"அப்ப நான்தான் அழுறன் போல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிளாஸ்டர் கட்டோடு பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போனேன். ஆள் எப்படி, உயரம் என்ன, சேட் என்ன நிறம் என்று கேட்டார்கள். செய்தி கொண்டுவருகிறவர்களிடம் நானும் இவற்றைத்தான் காலமெல்லாம் கேட்டு வந்திருக்கிறேன். இப்போது என்னிடம் இருந்தது இவ்வளவுதான்: இடது பெருவிரல் நகம் கறுத்திருந்தது, குரல் மரியாதையாக இருந்தது. சேட்டின் நிறம் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

எழுதிக்கொண்டிருந்த அலுவலர் நல்ல மனிதர். எனக்கு உதவவே நினைத்தார். "துலைஞ்சு போச்செண்டு எழுதினா புது அடையாள அட்டை கெதியா எடுக்கலாம், காத்திருக்கத் தேவையில்லை, அம்மா."

"நான் துலைக்கேல்லை. கடைசி மட்டும் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான்."

அவர் என் கட்டைப் பார்த்தார். பறிக்கப்பட்டது என்று எழுதினார். இடது கையால் ஒப்பமிட்டேன்.

பிறகு பார்க்க வந்தவர்கள். ஏன் குடுத்தனீங்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். அவன் ஏன் எடுத்தவன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த வீட்டுக்காரர் தேத்தண்ணீரை உறிஞ்சியபடி குரலைத் தாழ்த்தினார்.

"அவன்ரை கதை பேச்சு எப்பிடி? எந்தப் பக்கத்துப் பெடியன்?"

"கள்ளப் பக்கம்."

"இல்லை, நான் கேட்டது..."

"நீங்கள் கேட்டது விளங்குது. மூண்டு நாலு சொல்தான் கதைச்சவன். அதை வைச்சு தமிழ், முஸ்லிம் எண்டு ஆக்களைப் பிரிக்க எனக்கு ஏலாது. கையைக் கட்டிவிட்டது ஆரெண்டு கேளுங்கோ, அது வடிவாத் தெரியும்."

அவர் தேத்தண்ணீரை முடிக்காமல் எழும்பிவிட்டார்.

கட்டுப் போட்டிருந்த காலம் முழுவதும் கணவரே என்னை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டு, மாலையில் கூட்டிவந்தார். அன்பான மனிதர், தன் வேலையைக் குறைத்துக்கொண்டு வந்தார். ஆனால் வாசலில் அவருடைய ஹோர்ன் சத்தம் கேட்டால் நான் எழும்ப வேண்டும். ஒருநாள் மாலை, துறைமுகத்துக்குள் ஒரு படகு கவிழ்ந்த செய்தி வந்தது. ஆட்கள் தப்பினார்களா என்று தெரியுமுன் ஹோர்ன் கேட்டது. பக்கத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். அவர்கள் தப்பியதை மறுநாள் காலை பத்திரிகையில்தான் வாசித்தேன். பையோடு என் மாலைப் பொழுதுகளையும் அவன் கொண்டுபோய்விட்டான் என்று அப்போது விளங்கியது. அவற்றையாவது திருப்பி எடுப்பதென்று முடிவு செய்தேன்.

கட்டு வெட்டிய அன்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். "நாளைக்கு நான் பஸ்ஸில போறன்."

"உமக்கு விசரோ? கை இன்னும் சரிவரேல்லை."

"பஸ் ஓட்டப் போறது நான் இல்லையே."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "சரி. ஆனா பாக்கை நெஞ்சுக்கு முன்னுக்குக் கொழுவும். ஆரிட்டையும் குடுக்கக் கூடாது."

"அதுக்கு நான் உறுதி தரமாட்டன்."

"இவ்வளவு பட்டும்?"

"இவ்வளவு பட்டபடியாத்தான்."

பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்போதும் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தால் என் வலது கை தானாக மூடிக்கொள்கிறது. மூடியபின் விரித்தெடுக்க வலிக்கும்.

காலையில் பஸ்ஸில் இடம் கிடைத்தது. மாலையில் நிற்க நேர்ந்தது. அப்போதுதான் பார்த்தேன், பஸ் மாறியிருந்தது. நிற்பவர்கள் பைகளை நெஞ்சோடு அணைத்திருந்தார்கள். இருப்பவர்கள் வெற்று மடியில் கையை வைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். ஒருவரும் கை நீட்டவில்லை. நீட்டினால் சந்தேகப்படுவார்களோ என்ற கூச்சம் அவர்களுக்கும் இருந்திருக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மாவின் பெரிய பை, இருக்கையில் இருந்த வயோதிபர் ஒருவரின் தலையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் இடித்தது.

"அம்மா, உங்கடை பாக் என்ரை மண்டையை உடைக்குது."

"மண்டை உடைஞ்சா ஆஸ்பத்திரி இருக்கு, ஐயா. பாக் போனா ஆர் தாறது?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. வலது கையில் இன்னும் பிடி இல்லை. இடது கையால் கம்பியைப் பிடித்தால் பையைப் பிடிக்கக் கையில்லை. அருகே இருக்கையில் ஓர் இளைஞன் இருந்தான். விரல்களில் காய்ந்த பெயின்ற். விரல்களைப் பார்த்தேன், நகங்களையும் பார்த்தேன். பார்த்தது உண்மை.

"தம்பி, இதைக் கொஞ்சம் வைச்சிருங்கோ."

"நானோ?"

"ஓம், நீங்கள்தான்."

"வேண்டாமக்கா. பிறகு ஏதும் நடந்தா என்னைத்தான் பிடிப்பினம். இந்த பஸ்ஸிலதானே ஒரு மனுசியின்ரை பாக்கைப் பறிச்சவங்கள்."

"அந்த மனுசி நான்தான். பிடியுங்கோ."

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து யாரோ, "ஓம், அவதான், கையைப் பாருங்கோ" என்றார்கள். அவன் பையை வாங்கி மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் எல்லோருக்கும் தெரியும்படி விரித்து வைத்துக்கொண்டான். சாம்பல்தீவுப் பாலத்தில் பஸ் வேகம் தணிந்தது. என் கை மூடிக்கொண்டது. அவன் அதைக் கவனித்திருக்க வேண்டும். பையைச் சற்றே தூக்கிக் காட்டினான்.

"இருக்கக்கா."

அவன் நிலாவெளியில் இறங்கும்போது பையை என் கையில் கொடுத்து, தன் இடத்தில் நான் உட்காரும்வரை நின்றான். பிறகு வேகமாக இறங்கிப் போனான். இறங்கிய பிறகுதான் மூச்சு விட்டிருப்பான்.

நான் அந்தப் பெரிய பைக்கார அம்மாவிடம் கையை நீட்டினேன். "தாங்கோ."

அவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"குடுங்கோ அம்மா" என்றார் வயோதிபர். "அவவுக்காக இல்லாட்டிலும் என்ரை மண்டைக்காகக் குடுங்கோ."

கொடுத்தார். கனத்தது, கருவாடு மணத்தது. மணிக்கட்டு வலித்தது. மடியை விட்டு இறக்கவில்லை. கும்புறுப்பிட்டியில் நான் எழும்பியபோது ஒரு பிள்ளை என் இடத்தில் உட்கார்ந்தாள். அவள் மடியில் அந்தப் பையை வைத்தேன். பைக்கார அம்மா குச்சவெளி போகிறவர். ஒருமுறை வாயைத் திறந்தார், பிறகு கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.