ஒரு கேலனில் கிள்ளான்

நேற்று பிரிக்பீல்ட்ஸ் பெட்ரோல் பம்பில் ஒருவர் தன் புதுக் காரைத் தட்டிக்கொடுத்து, "முப்பது குதிரை சக்தி, தம்பி!" என்றார். பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறியதோ இல்லையோ, எனக்குக் கிள்ளான் சாலை ஞாபகம் வந்துவிட்டது. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அப்போது நான் ஒரு கார்க் கம்பெனியின் சாமான் அறையில் ஸ்பானர் துடைத்துக்கொண்டிருந்தேன். சீனியர் கேம்பிரிட்ஜ் தேறிய திமிர் வேறு. ஒரு கார் விற்றுக் காட்டினால் விற்பனை வேலை, இல்லாவிட்டால் இங்கேயே கிட என்று துரை சொல்லியிருந்தார். எனக்கு வாய்த்தது எட்டுக் குதிரை சக்திக் குட்டிக் கார். பார்க்க வந்தவர் ரயில்வே தலைமைக் குமாஸ்தா கனகசபை, யாழ்ப்பாணத்துக்காரர். எதிர்க் கடையில் பெரிய அமெரிக்கக் கார் விற்கும் முத்து, அவர் காதுபடவே கேட்டான்: "எட்டு குதிரையா, எட்டு ஆடா? நல்லா பார்த்துச் சொல்லுலா!"

எட்டு என்பது சிலிண்டரின் அகலத்தை அளந்து வரிக்காகப் போட்ட எண்தான், உண்மை வலு அதைப்போல் மூன்று பங்கு என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். கனகசபை கொட்டாவி விட்டார். பதற்றத்தில், "ஒரே கேலன்ல கிள்ளான் போய்த் திரும்பிடலாம், ஐயா" என்று வாயை விட்டேன். போக இருபது மைல், வர இருபது மைல். கேலனுக்கு நாற்பது மைல் என்ற விளம்பரத்தாளை நம்பித்தான்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை பாப்பம்" என்றார்.

ஞாயிறன்று அவருடைய ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் டாங்கியைக் காலிசெய்து, அவர் கண்முன்னால் ஒரே ஒரு கேலன் ஊற்றினேன். உள்ளே போனவர் மனைவி, மூன்று பிள்ளைகள், அர்ச்சனைத் தட்டு, ஒரு வாழைத்தார் சகிதம் வந்தார். விளம்பரத்துக்காக அந்த நாற்பது மைலை ஓட்டிக் காட்டியவர் ஒற்றை வெள்ளைக்காரர். கோவிலுக்குக் கிளம்பும் நம் குடும்பத்தை அவர் எங்கே கண்டார்?

இறக்கத்திலெல்லாம் எஞ்சினை அணைத்து உருட்டினேன். கிள்ளான் கோவிலில் வாழைத்தார் இறங்கியது. சொந்தக்காரர் வீட்டுப் பலாப்பழம் ஏறியது. திரும்பும்போது பத்து தீகா என்ற ஊர் மேட்டில் கார் முனகத் தொடங்கியது.

"பிள்ளைங்க கொஞ்சம் இறங்கி நடக்கட்டுமா, ஐயா?"

"ஒருத்தரும் இறங்கப்படாது. ஏறினா எல்லாரோடையும் ஏறட்டும்!"

முதல் கியரில் போட்டு, இருக்கிற தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். ஊர்ந்தது, நின்றுவிடுவேன் என்று மிரட்டியது, மறுபடி ஊர்ந்தது. பின்னாலிருந்து அவர் மனைவி கத்தினார்: "இஞ்ச பாருங்கோ, ஏறீட்டுது!"

ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் முத்து ஒரு ரிக்‌ஷாவோடு காத்திருந்தான். "கட்டி இழுக்க ஆள் ரெடிலா!" கிள்ளான் போய்த் திரும்பியாயிற்று, சோதனை இதோடு முடிந்தது என்று பிரேக்கில் கால் வைத்தேன்.

"நிப்பாட்டாதையும், தம்பி!" கனகசபை என் தோளில் ஓங்கி அறைந்தார். "அது தானா நிக்கிற வரைக்கும் ஓட்டும்!"

ஓட்டினேன். வாய் பிளந்த முத்துவைத் தாண்டி, தெருக்கோடிக் கோவிலைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தையும் தாண்டி! பிள்ளைகள் போட்ட கூச்சலில் தெருவே வெளியே வந்தது. பாசார் முனையில் எஞ்சின் விக்கியது, நின்றது. காருக்குள் ஒரே கைதட்டல். கனகசபை இறங்கி பானெட்டைத் தடவி, "இதுதான் எனக்கு வேணும்" என்றார். மறுநாள் துரை என்னைச் சாமான் அறைப் பக்கமே விடவில்லை.

அந்த ஞாயிறன்று, பட்டுச்சேலையும் சரிகை வேட்டியுமாக எல்லோரும் சிரித்தபடி வீட்டுக்கு நடந்தோம். இப்போதைய கார்களில் பெட்ரோல் அளவைக் காட்ட முள் இருக்கிறது. பாதி குறைவதற்குள் ஊற்றிவிடுகிறார்கள். நடுரோட்டில் பெட்ரோல் தீர்ந்துபோனதற்குக் கைதட்டிய குடும்பத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவேயில்லை.