நகத்தால் மரை அளந்தவர்

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் கல் குவாரிக்குப் போகும் சாலையோரம் இருந்த அந்த ஒர்க்‌ஷாப்பில் 2006-ம் வருஷம் மூன்று லேத்துகள் ஓடின. டர்னர்களில் மூத்தவர் ரெங்கராஜ். அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆள். வந்து பதினேழு வருஷம்.

எந்த போல்ட்டைக் கொடுத்தாலும் கட்டைவிரல் நகத்தை அதன் மரையின், அதாவது திரெட்டின், மேல் ஒரு ஓட்டு ஓட்டுவார். பல்லுக்குப் பல் இடைவெளி எவ்வளவு என்று சொல்லிவிடுவார். ஒன்றரை மில்லி என்றால் ஒன்றரைதான். புதிதாக வந்தவன் அளக்கும் கேஜைத் தேடினால், "அது எதுக்குடா, அண்ணன் நகம் இருக்கே" என்பார்கள். பெஷாவர்க்கார வெல்டர்கள் அவரை 'நாகூன் பாய்' என்றே கூப்பிட்டார்கள். நாகூன் என்றால் நகம்.

அந்த நகத்துக்கு அடியில் உணர்ச்சி செத்து எட்டு மாதம் ஆகிவிட்டது என்பது ஒருவருக்கும் தெரியாது.

சர்க்கரைதான். முதலில் பாதத்தில் ஆரம்பித்தது. ஜூன் மாத மத்தியானம் தங்கியிருந்த கேம்ப்பிலிருந்து கடைக்கு நடந்து போனவர், கடைக்காரர் கை காட்டிச் சிரித்த பிறகுதான் குனிந்து பார்த்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றதென்றே தெரியவில்லை. அடுத்து விரல்கள் மரத்தன. டீ கிளாஸின் சூடு தெரியவில்லை. லேத்தில் சீவி விழும் இரும்புச் சுருள் கிழித்து ரத்தம் சொட்டினால் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். மாத்திரையை மறைத்து வைத்து விழுங்கினார். வெளியே தெரிந்தால் லேத்தில் நிற்க விடமாட்டார்கள். லேத் இல்லாத டர்னரை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? ஆகையால் வந்த போல்ட்டையெல்லாம் முதலில் கண்ணால் அளந்துவிட்டு, ஒப்புக்கு நகத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். குவாரிச் சாமான்கள் திரும்பத் திரும்ப ஒரே அளவில் வந்ததால் தப்பித்தார்.

ஒரு புதன்கிழமை, கம்பெனி முதலாளியான அர்பாப் ஒரு சாக்கு மூட்டையோடு வந்தார். உள்ளே இருந்தது வார்ப்பிரும்பில் செய்த ஒரு கைப்பிரஸ். வேட்டைத் துப்பாக்கியின் காலித் தோட்டாக்களில் மறுபடி மருந்து அடைக்க அவருடைய தகப்பனார் வைத்திருந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்துச் சரக்கு. தகப்பனார் போன மாதம்தான் இறந்திருந்தார். பிரஸ்ஸின் தலையில், தோட்டாவை அழுத்தும் அச்சைத் திருகி இறக்கும் துளையில், மரை ஓரிடத்தில் நசுங்கிக் கிடந்தது. இனி அதில் யாரும் தோட்டா செய்யப் போவதில்லை. விருந்தினர் உட்காரும் மஜ்லிஸில் வைக்க வேண்டும், அச்சு உள்ளே இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

"நயா மாஃபி," என்றார் அர்பாப். "பாபா கா சாமான். சேம் சேம்."

அப்பாவின் சாமான், அப்படியே இருக்க வேண்டும், புதிதாக எதுவும் சேர்க்கக் கூடாது என்று அர்த்தம். அச்சை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். எடுத்துப் போக வரும்போது கொண்டுவருவதாகச் சொன்னார்.

சூப்பர்வைசர் சீதாராமன் பக்கத்தில் நின்றார். வேலையை விட்டுவிட்டு ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

"என்ன திரெட், ரெங்கராஜ்?"

ரெங்கராஜ் துளைக்குள் நகத்தை விட்டார். பஞ்சைத் தொட்டதுபோல் இருந்தது. துளைக்குள் கண் எட்டவில்லை. அகலம் இருபத்திரண்டு மில்லி இருக்கும். இத்தனை பேர் பார்க்கும்போது கேஜை எடுப்பதா? குத்துமதிப்பாக ஒன்றைச் சொன்னார்.

"ரெண்டு மில்லி, சார்."

"நாகூன் பாய் ஜிந்தாபாத்!" என்று எவனோ கத்தினான். எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள்; அர்பாபும் சீதாராமனும் போய்விட்டார்கள்.

மரை வெட்டும் டேப்பை எடுத்துத் துளையில் வைத்துத் திருகினார். முதல் இரண்டு சுற்று சுகமாக இறங்கியது. மூன்றாவது சுற்றில் இறுகியது. நல்ல கையாக இருந்தால் அங்கேயே நின்றிருக்கும். அவர் கைக்கு அது எட்டவில்லை. பின்னால் நின்ற பழனிச்சாமிதான் ஓடிவந்தார். தாராபுரத்துக்காரர், அடுத்த லேத்தின் டர்னர், ரூம் கூட்டாளி.

"நிறுத்துங்கண்ணா! கத்துதுங்க அது!"

டேப்பை வெளியே எடுத்தபோது கருப்பாக இரும்புத்தூள் கொட்டியது. பழைய மரையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு புது மரை போயிருந்தது. பழனிச்சாமி கேஜை வைத்துப் பார்த்தார்.

"இஞ்சுக் கணக்குங்கண்ணா இது. இஞ்சுக்குப் பதினாலு பல்லு, ரெண்டு மில்லிக்குக் கொஞ்சம் கம்மிங்க. இதைப் போயி ரெண்டுன்னீங்களே, தூக்கத்துல சொன்னீங்களா?"

ரெங்கராஜ் பிரஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பழனிச்சாமி அவர் முகத்தைப் பார்த்தார். ஓர் இரும்புச் சுருளை எடுத்து, அவர் கட்டைவிரலில் மெதுவாக அழுத்தினார். ரத்தம் துளிர்த்தது. ரெங்கராஜ் திரும்பவில்லை.

"எத்தனை நாளா அண்ணா?"

அப்போதுதான் குனிந்து விரலைப் பார்த்தார். "விடுய்யா," என்றார்.

மறுநாள் துளையைப் பெரிதாக்கி எஃகு வளையம் ஒன்றை அடித்து இறக்கி, அதற்குள் சரியான மரையை வெட்டிக் கொடுத்தது பழனிச்சாமிதான். "உங்க வேலைன்னே இருக்கட்டும். பழசு செத்துப் போச்சு, வேற வழியில்லைன்னு சொல்லிக்கலாமுங்க."

சனிக்கிழமை அர்பாப் வந்து அச்சைத் திருகினார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. சிரித்தார். பிறகு வளையத்தைப் பார்த்தார். கருத்த இரும்புக்கு நடுவே அது வெள்ளையாக மின்னியது. அதைச் சுற்றி விரலை ஓட்டினார்.

"யே கியா?"

பழனிச்சாமி வாயைத் திறப்பதற்குள் ரெங்கராஜ் முந்திக்கொண்டார். "மேரா கல்தி, அர்பாப். பாபா கா திரெட் அச்சா தா. மைனே கராப் கியா." தப்பு என்னுடையது, உங்கள் அப்பாவின் மரை நன்றாகத்தான் இருந்தது, நான்தான் கெடுத்தேன் என்றார்.

அர்பாப் திட்டவில்லை. கொஞ்ச நேரம் கையை அந்த வளையத்தின் மேலேயே வைத்திருந்தார். "கலாஸ்," சரி, முடிந்தது என்று சொல்லிவிட்டு, பிரஸ்ஸைத் தானே சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்.

சீதாராமன் ரெங்கராஜை ஆபீசுக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். "பதினேழு வருஷத்துல உங்ககிட்ட இப்படி ஒரு தப்பை நான் பார்த்ததில்ல. என்ன ஆச்சு?"

ரெங்கராஜ் செருப்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும், "ஸ்டோர்ல போடுங்க சார். நட்டு போல்ட்டு எடுத்துக் குடுத்துக்கிட்டு இருக்கேன்," என்றார்.

"ஸ்டோர்ல ஆள் எடுக்க எனக்குப் பவர் கிடையாது. லேத்துல விடவும் முடியாது. சுத்துற சக்குல கை மாட்டினா, கை போன அப்புறம்தான் உங்களுக்கே தெரியும். கையோட ஊருக்குப் போங்க ரெங்கராஜ்." மேஜையைப் பார்த்தபடி சொன்னார்.

சாயங்காலம் கேம்ப் மதிலோரம் நின்று மனைவி பஞ்சவர்ணத்துக்குப் போன் செய்தார்.

"ஊருக்கு வர்றேன். அடுத்த வாரம்."

"நெசமாவா! போன வருசம்தான வந்திய. எப்படி லீவு குடுத்தாக?"

"குடுத்துட்டாக."

"அக்கா மகன் கல்யாணத்துக்குச் சரியா இருக்கும்ல. இதுவரைக்கும் எந்தக் கல்யாணத்துக்கு நீங்க இருந்திய, எல்லாத்துக்கும் ஒத்தையாளாத்தான போய் நின்னேன்." அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்டது. "எத்தன நாளு லீவு?"

போன் கார்டில் இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

"நெறைய நாளு," என்றார்.