ஜீப்புக்கு முன்னால் சாந்தாமேரி

ஜீப் வளைவைச் சுற்றி வருவதற்குள் சாந்தாமேரி காப்பித் தோட்டத்துக் குறுக்குவழியில் இறங்கி அடுத்த பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிடுகிறார். செருப்பு கையில் இருக்கும். முந்தானை இடுப்பில் செருகியிருக்கும். நிறுத்தத்தில் நிற்பவர்கள் தெரிந்தவர்களோ தெரியாதவர்களோ, மூச்சு வாங்கிக்கொண்டே ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்.

"இப்ப ஒரு ஜீப்பு வருமுங்க. அதுல பேசறது நாந்தானுங்க. ஆனா அது சொல்றத மட்டும் கேக்காதீங்க."

சொல்லி முடிக்கும்போதே ஜீப் வந்துவிடும். கூரையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து அவர் குரலே வரும். "நோயாளிகளே. வாருங்கள். நலம் பெற்றுச் செல்லுங்கள்." நடுவில் ஓர் ஆண் குரல் கண் புரை, பார்வை மங்கல் என்று அடுக்கி, ஏற்காட்டில் வைத்தியர் தங்கும் லாட்ஜின் பெயரைச் சொல்லும். பிறகு மறுபடியும் சாந்தாமேரி: "ஏற்காடு. செவ்வாய். புதன். வாருங்கள்." நிற்பவர்கள் ஜீப்பைப் பார்ப்பார்கள், இவரைப் பார்ப்பார்கள். சிரிப்பு வந்துவிடும். நாகலூரில் பெட்டிக்கடை வைத்திருக்கும் சின்னன் ஒருமுறை கேட்டார்:

"ஏனுங்க, ஜீப்புல இருக்கற அக்கா வாங்கங்குது. ரோட்டுல இருக்கற அக்கா போவாதீங்கங்குது. நாங்க எந்த அக்கா பேச்சக் கேக்கறதுங்க?"

"ரோட்டுல நிக்கறவ பேச்சக் கேளுங்க," என்று சொல்லிவிட்டு சாந்தாமேரி அடுத்த வளைவுக்கு இறங்கினார். அவர் சிரிக்கவில்லை.

எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பொறுக்கும் கொட்டகையில் அவருக்குப் பக்கத்து இடம் என்னுடையது. நான் அதிகம் பேசமாட்டேன், அதனால் நிறையக் கேட்டிருக்கிறேன். உடைந்த கொட்டையையும் கறுப்புக் கொட்டையையும் அவர் விரல்கள் தாமாகவே தள்ளிவிடும். பேச்சு மட்டும் நிதானமாக வரும். ஒரு சொல், சின்ன இடைவெளி, இன்னொரு சொல். மிஷன் பள்ளியில் படித்தபோது கன்னியாஸ்திரிகள் பழக்கிவிட்டது அது. எங்கள் கோயில் கல்லால் கட்டியது. ஒரு சொல்லின் எதிரொலி அடங்கிய பிறகு அடுத்த சொல்லைச் சொன்னால்தான் கடைசி வரிசைக்குப் புரியும். வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமை வாசகம் அவருடையதுதான். கோயிலுக்காகப் பழகிய இடைவெளி வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் திட்ட ஆரம்பித்தால் முடிப்பதற்குள் டீக்கடைக்குப் போய்த் திரும்பிவிடலாம் என்று அவருடைய கணவர் மனுவேல் சொல்வார்.

அந்த இடைவெளிதான் மைக் செட் பாலசுப்பிரமணியத்துக்குப் பிடித்துப்போனது. கோயிலின் தொண்ணூறாம் வருடத் திருவிழாவுக்கு அறிவிப்புப் பேச சாந்தாமேரியைக் கடைக்கு அழைத்திருந்தார். கோயிலில் நோயாளிகளுக்காக நடக்கும் மன்றாட்டுக்கு ஊரை அழைக்கும் அறிவிப்பு அது. அதைப் பேசி முடித்ததும் கிழமைகளையும், எண்களையும், ஊர்ப் பெயர்களையும் தனித்தனியாகப் பேசிப் பதிந்து தரும்படி கேட்டார். அறுவடைக் காலத்தில் அவருக்கு லீவு கிடைக்காது, இப்படிப் பேசி வைத்துவிட்டால் வேண்டிய சொற்களை வேறு கேசட்டில் எடுத்துக் கோத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு முறையும் வரவேண்டியதில்லை என்றார். சாந்தாமேரிக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே நிறுத்திப் பேசினார். வெட்டுவதற்கு வசதியாக இருக்கட்டுமே என்று.

கிளம்பும்போது பாலசுப்பிரமணியம் ஒன்று கேட்டாராம். "விளம்பரத்துக்கும் போட்டுக்கலாமுங்களா அக்கா?"

"போட்டுக்குங்க," என்று இவர் சொல்லிவிட்டார். காப்பித்தூள் கடையையும் ஜவுளிக் கடையையும் நினைத்துக்கொண்டு சொன்னது. மரியாதைக்கு ஒரு புடவை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார்.

"என்ன வெளம்பரம்னு ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்," என்று கொட்டகையில் இப்போதும் சொல்வார். "அத்தன வார்த்த பேசுனேன். அந்த ஒரு வார்த்த வரல."

ஊர் ஊராகப் போய் லாட்ஜில் தங்கி மருந்து கொடுக்கும் அந்த வைத்தியர் மைக் செட் வாடகைக்கு எடுக்க வந்தபோது கேசட்டைக் கேட்டிருக்கிறார். தனக்கும் அந்தக் குரலே வேண்டும் என்றிருக்கிறார். பாலசுப்பிரமணியம் கோத்துக் கொடுத்தார். கோயிலின் அழைப்பும் கிழமையும் ஊரும் இவர் குரலில், வியாதிகளின் பெயர்கள் இன்னொருவர் குரலில்.

கரடியூரில் சாமை போடும் அத்தாயி அதைக் கேட்டுவிட்டுத்தான் லாட்ஜுக்குப் போனார். சந்தைக்கு வரும்போதெல்லாம் சாந்தாமேரி வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போகிறவர். இரண்டு கண்ணிலும் புரை. ஆனாலும் தனியாக மலையேறி இறங்குகிற அளவுக்குப் பார்வை இருந்தது. வைத்தியர் ஊற்றிய சொட்டு மருந்தில் கருவிழி வெந்துவிட்டது. சாந்தாமேரிதான் சேலத்துக்குக் கூட்டிப் போனார். முதலிலேயே வந்திருந்தால் சின்ன ஆபரேஷனோடு போயிருக்கும் என்று அங்கே சொன்னார்கள். இப்போது அத்தாயிக்கு வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரிவதில்லை.

அத்தாயி கோபித்துக்கொண்டிருந்தால் சாந்தாமேரிக்குச் சுலபமாக இருந்திருக்கும். கேசட், வெட்டு, ஒட்டு என்று இவர் எத்தனையோ விதமாக விளக்கிப் பார்த்தார். அத்தாயி கேட்டுவிட்டு இவர் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நீ கூப்டயேன்னு போனேன் கண்ணு. நீ கெட்டதுக்கா கூப்டுவ? என்ற நேரஞ் சரியில்ல, அவ்வளவுதான்."

சாந்தாமேரி மறுநாளே மைக் செட் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். பாலசுப்பிரமணியம் நிமிர்ந்து பார்க்கவில்லை. தன்னிடம் இருந்த கேசட்டை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"இது ஒண்ணு எங்கிட்ட இருக்கறதுங்க. அவங்க எத்தன காப்பி போட்டாங்கன்னு எனக்கே தெரியாதுங்க அக்கா. நீங்க போட்டுக்குங்கன்னீங்க. நானும் குடுத்துட்டேன்."

புகார் எழுதித் தரச் சொல்லி சாந்தாமேரி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் போனார். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். யார் மேல் எழுதுவது என்று கேட்டார். மருந்து கொடுத்தவர் பெயர் லாட்ஜில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றாக இருக்கிறது. கூப்பிட்டது யார் என்று கேட்டால் ஊரே இவரைத்தான் கைகாட்டும். எழுதாமலே பேனா மூடியைப் போட்டுவிட்டார்.

கோயிலில் வாசிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. குருத்து ஞாயிறன்று அவரே மேடையேறினார். முதல் சொல்லைச் சொல்லி, எதிரொலி அடங்க நிறுத்தினார். அந்த இடைவெளி ஜீப்பில் வரும் இடைவெளியாகவே அவருக்குக் கேட்டதாம். பின் வரிசையில் யாரோ பிள்ளைகள் "வாருங்கள்" என்று அதை நிரப்பினார்கள். சாந்தாமேரி புத்தகத்தை அடுத்து வாசிக்க நின்ற இன்பமேரியிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். இப்போது கொட்டகையில் வேகமாகப் பேசிப் பழகுகிறார். சொற்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, தடுக்கி, மறுபடி ஆரம்பிக்கிறார். பஸ் நிறுத்தத்தில் மட்டும் பழைய மாதிரி பேசுவார். அப்போதுதான் அந்தக் குரல் இவர் என்று நம்புவார்கள்.

போன செவ்வாய்க்கிழமை அத்தாயியைக் கரடியூருக்கு பஸ் ஏற்றிவிட நாகலூர் நிறுத்தத்தில் நின்றிருந்தோம். பனி இறங்கியிருந்தது. மேலே எங்கோ ஜீப் சத்தம் கேட்டது. சாந்தாமேரி குறுக்குவழிப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார். கீழ் நிறுத்தத்தில் ஆட்கள் இருப்பார்கள். ஆனால் அத்தாயியின் கை அவர் கையைப் பிடித்திருந்தது. எடுத்து வைத்த அடியைத் திரும்ப வைத்துக்கொண்டார்.

ஜீப் நெருங்கியது. அத்தாயி சத்தம் வந்த திசைக்கு முகத்தை உயர்த்தினார்.

"உன்ற பேச்சு வருது பாரு சாந்தா," என்றார். சொந்தப் பிள்ளையைச் சொல்வது போலச் சொன்னார். "எவ்வளவு தெளிவு."

சாந்தாமேரி தன் இரண்டு உள்ளங்கைகளாலும் அத்தாயியின் காதுகளைப் பொத்தினார். குளிருக்குத்தான் பொத்துகிறார் என்று அத்தாயி நினைத்துக்கொண்டார். பரவாயில்லை கண்ணு என்று சிரித்தார். ஜீப் எங்களைக் கடந்து, வளைவைத் தாண்டி, சத்தம் தோட்டத்துக்குள் அமுங்கிப்போன பிறகும் அந்தக் கைகள் இறங்கவில்லை.