சுவிட்சில் சொருகிய குச்சி

எனக்கு எழுத்து தெரியாது. போனில் பேசித்தான் இதை நம் பட்டறைக்காரர்கள் குழுவில் போடுகிறேன்.

பட்டறையில் மரம் அறுக்கும் மெஷினின் பச்சைப் பொத்தான் பத்து நாளாக அமுங்கி நிற்கவில்லை. அது அமுங்கியே இருக்க நான் குச்சி சொருகி, டேப் ஒட்டி ஓட்டினேன்.

இன்று பாதி அறுப்பில் கரண்ட் போனது. முப்பது வருஷமாக என்னோடிருக்கும் காசி, ரம்பத்தில் சிக்கிய துண்டை எடுக்கக் கை வைத்தான். கரண்ட் வந்தது. மெஷின் தானாகச் சுற்றியது.

சட்டைக் கை கிழிந்தது. விரல் தப்பியது.

“சுவிட்ச அமத்தாம ஏன்டா கைய வச்ச?” என்று கத்தினேன்.

“நீங்க குச்சிய சொருகி வச்சா எங்கண்ணே அமத்துறது?”

சுவிட்சைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே மரத்தூள், கருகிய முனைகள். புதுச் சுவிட்ச் மாட்ட அரைமணி நேரம்தான் ஆனது. மெயினை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். பொத்தானைத் தொடும்வரை மெஷின் அசையவில்லை.

எங்கள் பக்கத்தில் கிளிஞ்சல்மேடு முதல் விழிதியூர் வரை யாருக்கு எந்த விரல் எந்த மெஷினில் போனதென்று எனக்கு மனப்பாடம். அந்த வரிசையில் காசியை நானே சேர்க்கப் பார்த்தேன்.

“விடுங்கண்ணே, சட்டைதான போச்சு” என்கிறான். அதுதான் தாங்கவில்லை.

என் தப்பை நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். உங்கள் பட்டறையில் எதிலே குச்சி சொருகியிருக்கிறது?