குப்பைமேடு இருந்த இடம்

சவூதியில் எண்ணெய் ஊறிய மணலைக் கழுவிச் சுத்தம் செய்யும் ஒரு கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு ஊர் திரும்பினேன். மனைவி அதற்கு முந்திய வருடமே மவுத்தாகியிருந்தாள். மகள் கணவனோடு மலேசியாவில். காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே போய் இருக்க வேண்டும். மனைவி இல்லாத அந்த வீட்டில் மச்சினிமார் எனக்கு நேரத்துக்குச் சோறு வைத்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் கூடத்துக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். மூன்று மாதம் பார்த்துவிட்டு, மேலப்பாளையத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திருநெல்வேலிக்கு வெளியே, வாய்க்கால் ஓரமாக இருந்த பழைய குப்பைமேட்டைச் சலித்து நிலத்தை மீட்கும் வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. காண்டிராக்டர் என் அனுபவத்தைக் கேட்டதுமே மேற்பார்வைக்கு வைத்துக்கொண்டார். ஒரு பனை உயரத்துக்குக் குப்பை. உள்ளே எங்கோ எப்போதும் புகைந்துகொண்டிருக்கும். அதைக் கிளறி, மருந்துக் கரைசல் தெளித்து, காயவிட்டு, உருளைச் சல்லடையில் போட்டால் மண் தனியாகவும் பிளாஸ்டிக் தனியாகவும் வரும்.

ஒரு வாரத்தில் எனக்கு நாற்றம் தெரியாமல் போயிற்று. மற்றவர்களுக்குத் தெரிந்தது. டவுன் பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாகவே வரும். இரண்டு தடவை குளித்து அத்தர் பூசிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனாலும் தொழுகை வரிசையின் கடைசியில்தான் நிற்பேன். யாரும் போகச் சொல்லவில்லை, நானாகவே ஒதுங்கினேன்.

மேட்டில் ஓர் அம்மாள் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தபடி இரும்பு பொறுக்குவாள். வேலிக்குள் வெளியாள் யாரும் வரக்கூடாது என்று காண்டிராக்டர் சொல்லியிருந்ததால், நான்தான் போய் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது.

"நீரு நேத்து வந்தீரு பாய். நான் இருவது வருசமா இங்கனதான் நிக்கேன். எந்த மூலையில எது கெடக்குன்னு உமக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். நான் வேலிப் பக்கம் கை காட்டினேன். அவள் வேலிக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாளும் அங்கேயே இருந்தாள்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, பொக்லைன் வடக்கு மூலையில் கை வைத்தபோது அவள் கம்பியைத் தாண்டி ஓடி வந்தாள்.

"ஏலே, நிப்பாட்டுலே! அதுக்கடியில டிரம்மு கெடக்கு! ஆசிட்டுலே!"

டிரைவர் சிரித்தான். நான் சாவியை எடுக்கச் சொன்னேன். பிறகு ஆட்களை வைத்துக் கையால் பையத் தோண்டினோம். துருப்பிடித்த ஏழு டிரம்கள். ஒன்றின் மூடி கசிந்து மண் வெள்ளையாகப் பொங்கியிருந்தது. எந்தப் பட்டறைக்காரன் எப்போது புதைத்தானோ, தெரியாது. பொக்லைனின் வாளி பட்டிருந்தால் டிரைவரின் முகம் மிஞ்சியிருக்காது.

அன்று சாயங்காலமே காண்டிராக்டரிடம் பேசி அவளை வேலைக்குச் சேர்த்தேன். அதன் பிறகு ஒன்றரை வருடம், எங்கே தோண்டுவது என்று அவளைக் கேட்டுத்தான் தோண்டினோம். மத்தியானம் சீமைக்கருவை நிழலில் அவள் தன் தூக்குச்சட்டியோடும் நான் என் பொட்டலத்தோடும் உட்காருவோம். அதிகம் பேசமாட்டாள். ஒருநாள் மட்டும், "ஒம்ம வீட்டுல யாரு இருக்கா?" என்று கேட்டாள். "யாருமில்லை" என்றேன். "எனக்கும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். ஊர் வந்த பிறகு என்னிடம் அப்படி நேராகக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

மேடு கரைந்தது. அடிமண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். மோசமான இடங்களில் இன்னும் ஒரு முழம் வெட்டியெடுத்து நல்ல மண் நிரப்பினோம். பூங்கா என்று முடிவாயிற்று. வேம்பும் புங்கையும் நட்டார்கள், நடைபாதை போட்டார்கள். அவளுக்குச் செடிக்குத் தண்ணீர் விடும் வேலை கேட்டு நான் மாநகராட்சி அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்தேன். எட்டாவது படித்திருக்க வேண்டும் என்றார்கள். டிரம் கதையை ஒவ்வொரு மேசையிலும் சொன்னேன். கடைசியில் கொடுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் போனபோது வேறு ஒருவர் ஹோஸ் பிடித்திருந்தார். வாட்ச்மேனிடம் விசாரித்தேன்.

"அவ போயிட்டா அண்ணாச்சி. திசையன்விளைப் பக்கம் எங்கயோ குப்பை கொட்டுதாங்களாம், அங்க போறேன்னு சொன்னா. 'இங்கன நாள் பூரா குனிஞ்சாலும் ஒண்ணும் கெடைக்க மாட்டேங்குது'ன்னா."

அவளிடம் போன் கிடையாது. அவள் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனதில் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அலுவலகத்துக்கு நான் அலைந்தது அவளுக்காகத்தானா, அந்த மத்தியான நிழலுக்காகவா என்று யோசித்தபோது கோபம் போயிற்று. சும்மா இருக்க முடியாமல் பூங்காவை ஒரு சுற்று நடந்தேன். வாக்கிங் வந்தவர்கள் என்னைக் கடந்து போனார்கள்.

இப்போது திருநெல்வேலிக்குக் கிழக்கே, ஆற்றோரமாக வேறொரு ஊரின் குப்பைமேட்டில் இருக்கிறேன். முதல்நாள் எங்கள் ஜீப்பைக் கண்டதும் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் சாக்கைத் தூக்கிக்கொண்டு சிதறினார்கள். அவர்களில் அவள் இல்லை. வேலி போட வந்தவர்களை நிறுத்திவைத்துவிட்டு, நான் மட்டும் மேட்டில் ஏறி, "ஓடாதீங்கம்மா, எந்த மூலையில எது கெடக்குன்னு கேக்கத்தான் வந்தேன்" என்று கூப்பிட்டேன். வெகுநேரம் யாரும் திரும்பி வரவில்லை.