அத்தை ஏறிய வேல் பஸ்

“பொட்டப்புள்ளய படிக்க வச்சி இன்னா பண்ணப்போற? பஸ்ஸு போர்டு படிக்கவா?” என்று அத்தை கேட்டபோது அம்மா என் பின்னலை இறுக்கினாள். கடலை பிடுங்கிய மண்ணின் வாசம் அவள் விரல்களிலிருந்து என் தலைக்கு ஏறியது. அவள் கூலி சோற்றுக்கே போதாத வருடம் அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்குப் போன முதல் ஆளான என்னை, ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி, ஆர்.கே.பேட்டையில் தான் வேலை செய்த தறிக்கூடத்துக்கு நூல் சுற்ற அழைத்துப்போகத்தான் அத்தை வந்திருந்தாள்.

எங்கள் பெண்கள் தமிழும் தெலுங்கும் சரளமாகப் பேசுவார்கள். ஓர் எழுத்தும் தெரியாது. “மஞ்சா பஸ்ஸு”, “வேல் பஸ்ஸு” என்று நிறத்தையும் முன்கண்ணாடியின் சாமி படத்தையும் பார்த்தே ஏறுவார்கள். ஆடிக் கிருத்திகை வந்தால் அந்தக் கணக்கெல்லாம் குலைந்துவிடும். எங்கெங்கிருந்தோ பஸ்கள் திருத்தணிக்கு வந்து நிற்கும். எல்லாவற்றிலும் வேல், எல்லாவற்றிலும் சாமந்தி மாலை.

அப்படியொரு கிருத்திகைக் காலையில், திருத்தணி பஸ் நிலையத்தில், என் துணிப்பையோடு அத்தை ஒரு வேல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். நான் பஸ்ஸின் பலகையைப் பார்த்தபடி, வழியனுப்ப வந்த அம்மாவோடு கீழேயே நின்றேன்.

“அத்தே, இது கனகம்மாசத்திரம் போவுது.”

“ஆங், வந்துட்டா கலெக்டரு! ஏறுடி.”

அதற்குள் கண்டக்டர் “சத்திரம், சத்திரம்” என்று கத்த, அத்தை முந்தானையை வாரிக்கொண்டு குதித்தாள். கடலை வேலைக்குக் காத்திருந்த பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “பாப்பா, அது எங்க போவுது? இது?” நான் படிக்கப் படிக்க ஒவ்வொருத்தியாக ஏறிப்போனார்கள். சிலேட்டில் எச்சில் தொட்டு அழித்த அதே எழுத்துகள் இத்தனை பெரிய மனுஷிகளை நகர்த்துவதைக் கண்டு எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆர்.கே.பேட்டை பஸ்ஸையும் நான்தான் காட்டினேன். அத்தை என் பையை அம்மாவிடம் நீட்டினாள். “இந்தா, நீயே வச்சிக்க. அடுத்த கிருத்திகைக்கும் ஆளு வேணும்ல.”

பெயிண்ட்டில் எழுதிய அந்தப் பலகைகள் இன்று இல்லை; ஓடும் மின்விளக்கு எழுத்துகள்தான். பட்டம் முடித்த நான் எங்கள் தெருப் பெண்களுக்கு மாலையில் எழுத்துச் சொல்லித்தருகிறேன். முதல் பாடம் பஸ் பெயர்கள். வேலையை விட்டு எங்கள் தெருவுக்கே வந்துவிட்ட அத்தை முன்வரிசையில் இருந்து, “லைட்டு எழுத்து ஓடிகினே கீது, நில்லுன்னா நிக்குதா பாரு” என்று பஸ்களைத் திட்டுவாள்.

ஆனால் ஆந்திரா பஸ்களின் தெலுங்குப் பலகை எனக்கும் தெரியாது. எல்லைக்கு அப்பால் நகரியிலிருந்து பூ விற்க வரும் அக்கா சொல்லித்தருவதாகச் சொன்னார். போன வாரம் அத்தையும் நானும் ஒரே பாயில் உட்கார்ந்து தெலுங்கின் முதல் எழுத்தை எழுதினோம். அத்தையின் எழுத்துதான் அழகாக இருந்தது.